சொல்லைக் காக்கும் தொழில்

வன்னிப் பெருநிலத்தின் ஊடாகச் செல்லும் கண்டி வீதியிலே, வவுனியா தொடக்கம் கிளிநொச்சி வரை எந்தச் சிறு பட்டினத்தை எடுத்துக்கொண்டாலும் சில கடைகள் தவறாமற் காணப்படும். பசளையும் கிருமிநாசினியும் விற்கும் கடை ஒன்று, உழவு இயந்திரத்துக்கு உதிரிப்பாகம் விற்கும் கடை ஒன்று, தேநீர்க்கடை ஒன்று. இவற்றுக்கிடையே, பண்டம் எதுவும் அடுக்கப்படாத சிறிய அறை ஒன்றும் இருக்கும். ஒரு மேசை, நான்கு கதிரைகள், கோப்புகள் நிறைந்த இரும்பு அலுமாரி, ஒரு கணினி, சுவரில் ஒரு நாட்காட்டி. அவ்வளவே அதன் தளபாடம். தராசும் இல்லை, முழக்கோலும் இல்லை. ஆயினும் காலை எட்டரை மணிக்குக் கதவு திறந்தது முதல் மாலை வரை அங்கே ஆட்கள் வந்து போகின்றனர், பணம் கொடுக்கின்றனர், ஒரு தாளைப் பெற்றுச் செல்கின்றனர். அதுவே காப்புறுதி முகவர் நிலையம்.

அங்கே விற்கப்படும் பண்டம் யாது? ஒரு சொல். 'உமக்கு இன்ன துன்பம் நேருமாயின் இவ்வளவு பணம் தருவோம்' என்னும் சொல். மற்றக் கடைகளில் வாங்குபவன் பொருளைக் கையாலே தடவிப் பார்க்கிறான். அரிசியானால் வாயிலிட்டுக் கடித்துப் பார்க்கிறான். காப்புறுதி வாங்குபவனோ இன்று பணம் கொடுத்து, என்றோ ஒருநாள் தேவைப்படக்கூடிய ஒன்றை வாங்குகிறான். ஆயுட் காப்புறுதியானால், அப்பண்டம் வீடு வந்து சேரும் நாளில் அதனை வாங்கியவனே இல்லாதிருக்கவும் கூடும். தமிழகத்தார் இதனைக் காப்பீடு என்பர். இலங்கைத் தமிழர் காப்புறுதி என்பர். காப்பு என்பது பாதுகாவல். உறுதி என்பது தளராத சொல். காணி வாங்கியவன் பெட்டிக்குள்ளே பூட்டி வைக்கும் எழுத்துக்கும் உறுதி என்றே ஈழத்தில் பெயர். ஆதலால் சொல்லும் எழுத்தும் ஒன்றுபட்டு நிற்கும் இப்பெயர் மிகப் பொருத்தமானதே. அச்சொல் எப்போது நிற்கும், எப்போது தளரும் என்பதை அறிந்துகொள்வதே காப்புறுதியை அறிந்துகொள்வதாகும்.

இத்தொழிலின் அடிப்படை வன்னிக் கமக்காரனுக்குப் புதிதன்று. இரணைமடுக் குளத்தின் கீழே காலபோகத்திற் செய்யப்படும் வயல் முழுவதற்கும் சிறுபோகத்தில் நீர் போதாமற் போவதுண்டு. அப்போது பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடுகிறது. குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கிறது, அது எத்தனை ஏக்கருக்குப் போதும் என்று கணக்கிட்டு, அதற்கேற்பப் பங்கு வகுக்கின்றனர். ஒருவன் வயல் முற்றாகக் கருகி மற்றொருவன் வயல் முற்றாக விளைவதைவிட, எல்லோரும் சிறிது குறைத்துச் செய்து எல்லோரும் பிழைப்பதே நன்று என்பது அதன் நியாயம். ஊர்தோறும் உள்ள மரண உதவிச் சங்கங்களும் இவ்வாறே. மாதந்தோறும் வீட்டுக்கு வீடு சிறுதொகை சேர்க்கின்றனர். ஒரு வீட்டிற் சாவு நேர்ந்தால் அந்த வீட்டார் கடனுக்கு அலையாதபடி சடங்குச் செலவுக்குப் பணம் கொடுக்கின்றனர். பலருடைய சிறுதுளி சிலருடைய பெருந்துன்பத்துக்கு உதவுகிறது. காப்புறுதி என்பதும் இதுவே.

அப்படியானால் ஊர்ச் சங்கமே போதாதா என்று கேட்கலாம். போதாது என்பதற்குக் காரணம் உண்டு. ஒரு வீட்டுக்கு வரும் சாவை ஊர் தாங்கும். ஊருக்கே வரும் வெள்ளத்தை ஊர் எவ்வாறு தாங்கும்? 2018ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 21ஆம், 22ஆம் தேதிகளிற் பெய்த பெருமழையால் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கின. இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. அன்று உதவி கேட்க வேண்டியவனும் உதவி செய்ய வேண்டியவனும் ஒரே பாடசாலைக் கட்டடத்தில் அடைக்கலம் புகுந்திருந்தார்கள். இத்தகைய வேளையில், வெள்ளம் எட்டாத தூரத்திலே இருப்பவனுடைய பணம் இங்கே வரவேண்டும். மற்றொரு நாள் காலியிலோ இரத்தினபுரியிலோ அழிவு நேர்ந்தால் வன்னியான் செலுத்திய பணம் அங்கே போகவேண்டும். முகம் அறியாதவர்களை இவ்வாறு ஒரு சங்கமாகக் கட்டுவதே காப்புறுதி நிறுவனத்தின் வேலை.

முகம் அறியாதவர்களை ஒன்றாகக் கட்டுவதற்கு இரக்கம் மட்டும் போதாது; கணக்கு வேண்டும். வால்வெள்ளி ஒன்றுக்குத் தம் பெயரைக் கொடுத்த எட்மண்ட் ஹாலி என்னும் வானியல் அறிஞர், 1693ஆம் ஆண்டில் பிரெஸ்லாவு என்னும் நகரத்தின் பிறப்பு இறப்புப் பதிவுகளை ஆராய்ந்து, எந்த வயதில் எத்தனைபேர் இறக்கின்றனர் என்று ஓர் அட்டவணை வகுத்தார். தனி ஒருவன் எப்போது இறப்பான் என்று எவராலும் சொல்ல இயலாது. ஆனால் ஆயிரம் பேரில் ஓராண்டில் எத்தனைபேர் இறப்பர் என்று ஏறக்குறையச் சொல்லலாம் என்பதை அந்த அட்டவணை காட்டியது. 1744ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்துத் திருச்சபையைச் சேர்ந்த இரு குருமார், ரொபேர்ட் வலஸ், அலெக்சாண்டர் வெப்ஸ்டர் என்போர், இறந்துபோகும் குருமாருடைய விதவைகளுக்கும் பிள்ளைகளுக்குமாக ஒரு நிதியை அமைத்தனர். கையில் வந்த காணிக்கையைப் பங்கிடாமல், ஆண்டுக்கு எத்தனை விதவைகள் எஞ்சுவர், அவர்களுக்கு எவ்வளவு தேவை, அதற்கு ஒவ்வொரு குருவும் எவ்வளவு செலுத்தவேண்டும் என்று முன்கூட்டியே கணித்தனர். கணித மேதை கொலின் மக்லோரின் அக்கணக்கைச் சரிபார்த்தார். அந்நிதி நிலைத்து நின்றது. இன்றைய ஆயுட் காப்புறுதியின் அத்திவாரங்களுள் அதுவும் ஒன்று.

இலங்கையிலே, தொடக்கத்தில் இத்தொழிலை வெளிநாட்டுக் கம்பனிகளும் உள்நாட்டுக் கம்பனிகள் சிலவும் நடத்தின. 1961ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தினால் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. 1962ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் தேதியிலிருந்து புதிய ஆயுட் காப்புறுதி அதன் தனியுரிமையாயிற்று. 1964இல் பொதுக் காப்புறுதியும் அவ்வாறே ஆயிற்று. 1980களின் பிற்பகுதியில் தனியார் கம்பனிகளுக்கு மீண்டும் இடமளிக்கப்பட்டது. இன்று 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இத்தொழில் ஒழுங்குபடுத்தப்படுகிறது. அதனை மேற்பார்வை செய்வது இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு. முகவராக விரும்பும் ஒருவர் அதற்கென நடத்தப்படும் தேர்விற் சித்தியடைந்து, நிறுவனத்திற் பதிவு பெற்ற பின்னரே காப்புறுதி விற்கலாம்.

இனி, அந்தச் சிறிய அறையின் ஒரு நாளைப் பார்ப்போம். காலையில் முதலில் வருபவை மோட்டார் சைக்கிள்கள். வாகனத்தின் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க வேண்டுமானால் காப்புறுதிச் சான்றிதழ் வேண்டும். 1951ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துச் சட்டம், மூன்றாந்தரப்புக் காப்புறுதி இல்லாமல் எந்த வாகனமும் வீதியில் ஓடலாகாது என்கிறது. ஆதலால் மோட்டார் சைக்கிள்காரனும், முச்சக்கரவண்டிக்காரனும், 'லாண்ட்மாஸ்டர்' என்று ஊரார் அழைக்கும் கை உழவு இயந்திரத்தில் நெல் ஏற்றுபவனும் இப்படிக்கட்டில் ஏறியே ஆகவேண்டும். பெரும்பாலோர் வாசலில் நின்றபடியே, 'குறைந்த காசில் ஒன்று எழுதித் தாருங்கள்' என்கின்றனர். கணக்கெழுதும் பெண் ஐந்து நிமிடத்தில் சான்றிதழை அச்சிட்டுக் கொடுத்துவிடலாம். ஆனால் நல்ல நிலையமானால் அந்த ஐந்து நிமிடத்துக்குள் ஒரு செய்தியையும் சொல்லி அனுப்புவர். மூன்றாந்தரப்புக் காப்புறுதி என்பது, இந்த வாகனத்தினால் பிறருக்கு நேரும் தீங்குக்கு மட்டுமே. மாங்குளத்துக்கும் கனகராயன்குளத்துக்கும் இடையில் இரவிலே குறுக்கே வந்த மாட்டில் மோதி, தன் மோட்டார் சைக்கிள் நொறுங்கினால் அதற்கு ஒரு சதமும் கிடையாது. இதனை வாங்கும் நாளில் அறிந்தவன் ஏமாறமாட்டான். விபத்து நடந்த நாளில் அறிபவன், காப்புறுதி என்பதே பொய் என்று ஊரெங்கும் சொல்லித் திரிவான். பிழை சட்டத்தில் அன்று, சொல்லப்படாத சொல்லில்.

வெயில் ஏறும்போது முகவர் வெளியே புறப்படுகிறார். அக்கராயனுக்கோ, விசுவமடுவுக்கோ, புதுக்குடியிருப்புக்கோ பயணம். ஆயுட் காப்புறுதி மேசையிலிருந்து விற்கப்படுவதில்லை. வீட்டுத் திண்ணையிலேயே விற்கப்படுகிறது. அங்கே முன்மொழிவுப் படிவம் விரிக்கப்படுகிறது. பெயர், வயது, தொழில் என்னும் வினாக்களுக்கு விடை எளிது. அதன் பின்னர் வரும் வினாக்களே அரியவை. 'உங்களுக்குச் சலரோகம் உண்டா? இரத்த அழுத்தம் உண்டா? வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை பெற்றதுண்டா? உடலில் காயங்கள் உண்டா?' வன்னியிலே கடைசி வினாவுக்கு 'இல்லை' என்று சொல்லக்கூடிய வீடு எத்தனை? உடலுக்குள்ளே செல் துண்டைத் தாங்கிக்கொண்டு வயலிலே வேலை செய்பவர்கள் இன்றும் உள்ளனர். சொன்னால் விண்ணப்பம் தள்ளப்படுமோ, கட்டுப்பணம் கூடுமோ என்று வீட்டுக்காரர் தயங்குகிறார். முகவருக்கும் ஒரு தயக்கம் உண்டு. ஒவ்வொரு புதிய பத்திரத்துக்கும் அவருக்குத் தரகு உண்டு. மாத முடிவில் நிறைவேற்றவேண்டிய இலக்கும் உண்டு. 'அதை எழுதாமல் விடுவோம்' என்று அவர் சொல்லிவிட்டால் இருவருக்கும் அன்று சுகம். அந்த ஒரு கணத்திலேதான் காப்புறுதியின் உயிர் இருக்கிறது.

காப்புறுதிச் சட்டத்தின் முதன்மையான விதி, இரு சாராரும் ஒருவருக்கொருவர் முழு உண்மை பேசவேண்டும் என்பதாகும். 1766ஆம் ஆண்டில் லண்டனிலே மன்ஸ்பீல்ட் பிரபு என்னும் நீதிபதி ஒரு வழக்கில் இதனை நிலைநாட்டினார். சுமாத்திராத் தீவின் பென்கூலனில் இருந்த கோட்டை ஒன்றை, பகைவர் கைப்பற்றினால் இழப்பீடு கிடைக்கும்படி அதன் ஆளுநர் காப்புறுதி செய்திருந்தார். பிரெஞ்சுக்காரர் அதனைக் கைப்பற்றினர். கோட்டையின் பலவீனத்தை ஆளுநர் மறைத்துவிட்டார் என்று காப்புறுதி செய்தவர் பணம் கொடுக்க மறுத்தார். உண்மையை மறைத்தால் காப்புறுதி செல்லாது என்ற விதியை நீதிபதி விளக்கினார். ஆயினும் தீர்ப்பை ஆளுநர் பக்கமே வழங்கினார். காப்புறுதி செய்தவர் தாமே அறிந்திருக்கக்கூடியதை அறியாதவர்போல நடித்துப் பின்னர் கைவிரிக்கலாகாது என்பது அவர் கருத்து. விதியின் இரு முகங்களும் இங்கே தெளிவாகின்றன. வாங்குபவன் மறைக்கலாகாது; விற்பவனும் மறைக்கலாகாது.

ஆதலால் திண்ணையில் அமர்ந்து 'எழுதாமல் விடுவோம்' என்று சொல்லும் முகவர், அந்த வீட்டுக்கு நன்மை செய்பவர்போலத் தோன்றினாலும், உண்மையில் அவர்களிடமிருந்து ஆண்டுக்கணக்கில் பணம் வாங்கி ஒரு வெற்றுத் தாளைக் கொடுக்கிறார். மறைத்த நோய் மரண அத்தாட்சிப்பத்திரத்தில் எழுதப்படும் நாளிலே அப்பொய் வெளிப்படும். அன்று அதற்கு விலை கொடுப்பவள், பொய் சொன்னவன் அல்லன், அவன் மனைவி. நோயை எழுதினால் கட்டுப்பணம் சிறிது கூடலாம். சில வேளை விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். நிராகரிக்கப்பட்டவன் குறைந்தபட்சம் தன் பணத்தை வேறு வழியிற் சேமித்துக்கொள்வான். ஆகவே படிவத்தைப் பிறர் எழுதினாலும், கையொப்பம் வைப்பவர் அதனை வாசிப்பித்துக் கேட்டு, தாம் சொன்னதே எழுதப்பட்டுள்ளதா என்று பார்த்த பின்னரே ஒப்பமிடல் வேண்டும். வெற்றுப் படிவத்தில் ஒப்பமிடுவது வெற்றுக் காசோலையில் ஒப்பமிடுவதை ஒத்ததே.

பத்திரம் கைக்கு வந்தபின் இரண்டாவது சோதனை தொடங்குகிறது. அது தவணை தவறாமை. உத்தியோகத்தனுக்கு மாதந்தோறும் சம்பளம். வன்னிக் கமக்காரனுக்கோ வருமானம் அறுவடையோடு வருகிறது. காலபோகம் மாசி, பங்குனியில் அறுவடையாகும். சிறுபோகம் செய்தால் ஆவணியை ஒட்டி மற்றொரு வரவு. இடையில் உள்ள மாதங்களிற் கையில் காசு இராது. இப்படிப்பட்டவரிடம் மாதத்தவணை எழுதிக் கொடுத்தால், மூன்றாம் மாதம் தவறும். சலுகை நாட்களும் கடந்துவிட்டால் பத்திரம் காலாவதியாகும். பத்திரம் காலாவதியான நாளுக்கும் புதுப்பிக்கும் நாளுக்கும் இடையில் சாவு நேர்ந்தால், அதுவரை செலுத்தியது வீணாவதும் உண்டு. அனுபவமுள்ள முகவர் அறுவடைக் காலத்தைக் கேட்டறிந்து, அரையாண்டுத் தவணையாகவோ ஆண்டுத் தவணையாகவோ எழுதுகிறார். நெல் விற்ற கிழமையில் அவ்வீட்டுக்குப் போகிறார். கடன் கொடுத்தவர்களும் அதே கிழமையிலேயே போகின்றனர் என்பதும் அவருக்குத் தெரியும். கட்டக்கூடிய தொகை எவ்வளவோ அவ்வளவுக்கே பத்திரம் எழுதவேண்டும். ஐந்து இலட்சத்துக்கு எழுதித் தவறவிடுவதைவிட ஒரு இலட்சத்துக்கு எழுதித் தொடர்ந்து கட்டுவதே மேல்.

மூன்றாவது சோதனை, சொல்லை நிறைவேற்றும் நாள். வெள்ளைச் சேலை உடுத்த ஒரு பெண் மகனையோ தம்பியையோ அழைத்துக்கொண்டு அந்த அறைக்கு வருகிறாள். மடியிலிருந்து பொலித்தீன் பையில் சுற்றிய தாளை எடுக்கிறாள். முகவர் முதலில் அவளை இருக்கச் சொல்கிறார். பின்னர் தாளைப் பார்க்கிறார். வேண்டியவை பல: பத்திரம், மரண அத்தாட்சிப்பத்திரம், அடையாள அட்டை, கிராம உத்தியோகத்தரின் சான்று, வைத்தியசாலை அறிக்கை. இவற்றைக் காட்டிலும் பெருஞ்சிக்கல் ஒன்று சில வேளை எழுவதுண்டு. திருமணத்துக்கு முன் எடுத்த பத்திரமானால், பணம் பெறுதற்கு நியமிக்கப்பட்டவர் என்ற இடத்தில் தாயின் பெயர் இருக்கும். தாயும் காலமாகியிருப்பார். மனைவியின் பெயர் எங்கும் இராது. அப்போது வாரிசுரிமையை நிறுவ அலைய வேண்டியிருக்கும், மாதங்கள் கழியும். திருமணமான நாளில் ஒரு படிவம் நிரப்பியிருந்தால் இந்த அலைச்சல் இல்லை. கலியாணத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் பின்னர், பத்திரத்தை எடுத்துப் பெயரைச் சரிபார்த்தல் எல்லார்க்கும் கடமையாகும்.

வன்னிக்கே உரிய வேறு ஒரு துயரமும் இந்த மேசைக்கு வருகிறது. 2009ஆம் ஆண்டில் முடிவுற்ற போரிலே, குடும்பங்கள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தன. காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் வங்கிப் புத்தகமும் வழியிலே போயின. காப்புறுதிப் பத்திரமும் போயிற்று. தாள் தொலைந்தால் உரிமையும் தொலைந்தது என்று எண்ணிப் பேசாதிருந்தவர் பலர். அது தவறான எண்ணம். ஒப்பந்தத்தின் மூலப் பதிவு நிறுவனத்தில் இருக்கும். பெயர், பிறந்த தேதி, அடையாள அட்டை இலக்கம் கொண்டு தேடலாம். பிரதிப் பத்திரம் கோரலாம். சாவு நடந்தது தெரியாத இடத்தில் நிலைமை இன்னும் கடினமாகிறது. கணவன் காணாமற்போன பெண்ணிடம் மரண அத்தாட்சிப்பத்திரம் கேட்பது, அவளுடைய நம்பிக்கையைக் கையெழுத்திட்டு ஒப்படைக்கும்படி கேட்பதாகும். காணாமற்போனோரின் இறப்பைப் பதிவதற்கு 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் வழி வகுத்தது. இறப்பு என்று எழுத மனம் ஒப்பாதவர்களுக்காக, காணப்படாமைச் சான்றிதழ் பெறும் ஏற்பாடு 2016இல் அதற்குச் செய்யப்பட்ட திருத்தத்தினால் வந்தது. இறப்புக்கே பணம் தரும் ஒப்பந்தத்தில் இவ்விரண்டும் ஒன்றாகமாட்டா. இந்த வேறுபாட்டை மெல்லிய குரலிற் சொல்லி, எதனையும் வற்புறுத்தாது, முடிவை அவளிடமே விட்டுவிடத் தெரிந்திருப்பதும் இம்மேசையில் இருப்பவரின் கல்வியிற் சேர்ந்ததே.

'நெல்லுக்குக் காப்புறுதி இங்கேதானா?' என்று கேட்டு வருவோரும் உண்டு. அவர்களை முகவர் பெரும்பாலும் கமநல சேவை நிலையத்துக்கே வழிகாட்டி அனுப்புகிறார். பயிர்க் காப்புறுதி இலங்கையில் அரசின் பணியாக வளர்ந்தது. 1958இல் நெல்லுக்குப் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 1961ஆம் ஆண்டின் பயிர்க் காப்புறுதிச் சட்டத்தினால் உறுதிபெற்று, 1973இல் தனிச் சபையாகி, 1999ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கமத்தொழில், கமநலக் காப்புறுதிச் சபையாக அது நடைபெறுகிறது. 2013ஆம் ஆண்டில் வங்கிகள், நிதிக் கம்பனிகள், காப்புறுதிக் கம்பனிகள் ஆகியவற்றின் வரிக்குப் பிந்திய இலாபத்தில் நூற்றுக்கு ஒரு வீதம் பயிர்க் காப்புறுதிக்கென அறவிட விதிக்கப்பட்டது. 2024 நவம்பர் மாத வெள்ளத்தின் பின், நெல், சோளம், மிளகாய், பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு, சோயா என்னும் ஆறு பயிர்களுக்கு ஏக்கர் ஒன்றுக்கு அதிகூடிய தொகையாக 40,000 ரூபா இழப்பீடு அறிவிக்கப்பட்டது. அதிகூடியது என்பதைக் கவனித்தல் வேண்டும்; எல்லோருக்கும் அவ்வளவு என்பது பொருளன்று. அழிவின் அளவைப் பார்த்தே தொகை கணிக்கப்படும். வெள்ளத்தாலும் வரட்சியாலும் மட்டுமன்றி, காட்டு யானையாலும் பயிர் அழியும் நாடு வன்னி. விதைத்த நிலத்தின் அளவு கமநல சேவை நிலையப் பதிவேட்டில் சரியாக இருத்தலும், அழிவை உடனே அறிவித்தலும், பார்வையிட அலுவலர் வரும்வரை வயலை உழுது மாற்றாதிருத்தலும் கமக்காரன் செய்யவேண்டியவை. அங்கேயும் முதலில் எழுதப்பட்ட உண்மையே கடைசியிற் பணமாக மாறுகிறது.

இத்துணையும் கூறியதனால், காப்புறுதி எல்லாத் துன்பத்துக்கும் மருந்து என்று எண்ணலாகாது. இறந்தவனை அது மீட்டுத் தராது. விளையாத நெல்லை விளைவிக்காது. கணக்குத் தவறினால் அரசின் உறுதியும் ஆடும். 1987ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தினால் கமக்காரர் ஓய்வூதியத் திட்டம் தொடங்கப்பட்டது. இளமையிற் செலுத்தி அறுபது வயதுக்குமேற் பெறுவது அதன் முறை. காலப்போக்கில், சேர்ந்த நிதி கொடுக்கவேண்டிய தொகைக்குப் போதாமற்போய், ஓய்வூதியம் சிலகாலம் தடைப்பட்டது. அரசின் நிதியுதவியோடு 2014இல் அது மீண்டும் வழங்கப்பட்டது. ஸ்கொத்லாந்துக் குருமார் முன்கூட்டியே செய்த கணக்கின் அருமை இங்கேதான் விளங்குகிறது. நல்ல மனமும் நல்ல கணக்கும் சேர்ந்தாலன்றி வாக்குறுதி நில்லாது.

நியாயமான கோரிக்கை மறுக்கப்பட்டால் அதுவே முடிவென்று திரும்புதல் வேண்டியதில்லை. மறுப்புக்குரிய காரணத்தை எழுத்திலே கேட்கலாம். முதலில் நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கும், அங்கே தீராவிடில் காப்புறுதிக் குறைகேள் அதிகாரிக்கும், ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் முறையிடலாம். இதற்கு வேண்டியது செல்வாக்கன்று. செலுத்திய பணத்துக்கான பற்றுச்சீட்டுகளும், ஒழுங்காக வைத்த கடிதங்களுமே. கையிற் பணம் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்காமல், 'அவர் தெரிந்த மனிதர்தானே' என்று விடும் வழக்கம் வன்னியில் உண்டு. தெரிந்த மனிதராயிருப்பதே பற்றுச்சீட்டு வாங்குவதற்கு நல்ல காரணம். நட்பும் பழுதுபடாது, கணக்கும் பழுதுபடாது.

மாலை ஐந்து மணியாகிறது. கணக்கெழுதும் பெண் அன்றைய வரவைக் கூட்டிப் பதிவேட்டிற் கோடிடுகிறாள். பன்னிரண்டு மோட்டார் சைக்கிள், இரண்டு உழவு இயந்திரம், தவணை செலுத்தியவர் ஒன்பது பேர், புதிய முன்மொழிவு ஒன்று, மரணக் கோரிக்கை ஒன்று என்று அன்றைய பக்கம் அமைந்திருக்கலாம். கூட்டிப் பார்த்தால் பெருந்தொகை அன்று. ஆயினும் அப்பக்கத்திலுள்ள ஒவ்வொரு வரியும், ஒரு குடும்பம் தன் வாயைக் கட்டிச் சேர்த்த பணத்தை முன்பின் அறியாத ஒருவருடைய சொல்லை நம்பிக் கொடுத்ததன் அடையாளம். வீடும் தோட்டமும் தாள்களும் இழந்து திரும்பி வந்த ஒரு மக்கள், ஒரு சொல்லை நம்பி மீண்டும் பணம் கொடுக்கின்றனர் என்றால் அது சிறிய காரியமன்று. அந்த நம்பிக்கையைக் காப்பது, இறுதியில் இழப்பீட்டுக் காசோலை மட்டுமன்று. முதல்நாள் திண்ணையிலே, கேட்கத் தயங்கிய வினாவைக் கேட்டு, சொல்லத் தயங்கிய விடையைச் சொல்லி, இருவரும் ஒப்பமிட்ட அந்த உண்மையே ஆகும்.